குண்டூசி கேட்டு வந்தவர்

நான் வேலை பார்த்த இடத்தின் பெயரை எழுத மாட்டேன். எழுதக் கூடாது என்று சேர்ந்த அன்றே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். ஹெப்பாள் மேம்பாலம் தாண்டி, ஏர்போர்ட்டுக்குப் போகிற கூட்டமெல்லாம் தன் வழியில் பிரிந்துபோன பிறகு, திராட்சைத் தோட்டமும் நீலகிரி மரமுமாக ஒரு சாலை போய்க்கொண்டே இருக்கும். அது முடிகிற இடத்தில் ஒரு ராணுவ முகாம். இவ்வளவு சொன்னால் போதும். அவருடைய பெயரையும் எழுதப்போவதில்லை. அதற்குக் கையெழுத்து எதுவும் போட்டுக்கொடுக்கவில்லை. எழுதினால் திட்டுவார், அவ்வளவுதான். அவர் திட்டினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

எல்லாருக்கும் அவர் எக்ஸ்சேஞ்ச் அக்கா. வடக்கத்தி ஜவான்களுக்கு தீதி, அதிகாரிகளுக்கு மேடம். முகாமின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பகல் நேர ஆபரேட்டர். மர்பி டவுனில் பிறந்து, மர்பி டவுனிலேயே கல்யாணம் கட்டி, நாலு தெரு தள்ளிக் குடித்தனம் போனவர். கட்டை குட்டையான உடம்பு, தெருமுனை வரைக்கும் கேட்கிற குரல். இவ்வளவு சத்தமாகப் பேசுகிறவருக்கு டெலிபோன் எதற்கு என்று பஸ்ஸில் எல்லாரும் கேலி செய்வோம்.

தருமபுரியிலிருந்து வேலை கிடைத்து வந்த புதிதில் நானும் மர்பி டவுனில்தான் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். காலையில் மார்க்கெட் பக்கத்திலிருந்து முகாமின் பஸ் கிளம்பும். அதன் ஜன்னல்களில் பாதி திறக்காது, மீதி மூடாது. அக்கா ஏறியதும் முதல் வேலையாக எல்லாரையும் மேலும் கீழும் பார்ப்பார். "இன்னாமா, நேத்து கட்னதையே கட்டிக்கினு வந்துட்டே?" என்று என்னிடம் கேட்டதுதான் அவர் என்னோடு பேசிய முதல் பேச்சு. அது நேற்றுக் கட்டியது இல்லை, அதே கடையில் வாங்கிய வேறு ஒன்று என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே என் பக்கத்தில் உட்கார்ந்து, ஹெப்பாள் வருவதற்குள் என் தோளில் தலையைச் சாய்த்து வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார். அன்றிலிருந்து என் தோள் அவருக்குச் சொந்தம். நானும் ஒன்றிரண்டு தடவை இடம் மாறி உட்கார்ந்து பார்த்தேன். தேடி வந்து உட்கார்ந்துவிட்டார்.

முகாமின் வாசலில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். புறாக்கூண்டு மாதிரி ஒரு மர அலமாரி, ஆளுக்கு ஓர் அறை, கையில் ஒரு டோக்கன். அதோடு சரி, சாயங்காலம் வரைக்கும் வெளியுலகத்துக்கு நாம் கிடையாது. வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆனால் கூப்பிடுவதற்கு ஒரே நம்பர்தான், எக்ஸ்சேஞ்ச் நம்பர். எல்லார் வீட்டுச் சுவரிலும் அதை எழுதி ஒட்டியிருக்கும். இந்தக் காலத்தில் போய் எக்ஸ்சேஞ்சா, ஆபரேட்டரா என்று கேட்பீர்கள். எங்களுக்கு வேறு வழி இல்லை. வேலை செய்கிற அத்தனை பேர் வீட்டுச் சேதியும் முதலில் அக்காவின் காதில் விழுந்துதான் எங்களிடம் வரும்.

நான் ஸ்டோர்ஸில் கிளார்க். பூட்ஸ், கம்பளி, கூடாரத்துணி என்று வருவதையும் போவதையும் எழுதுகிற வேலை. சேர்ந்த சில நாளிலேயே அக்கா எனக்குப் பெரிய தொல்லையாகிவிட்டார். எக்ஸ்சேஞ்ச் ஒரு கோடியில் இருக்கிறது, நாங்கள் மறு கோடியில். டெலிபோன் போர்டைத் தன்னோடு வேலை பார்க்கிற சிக்னல் ஜவானிடம் விட்டுவிட்டு, அவ்வளவு தூரம் வெயிலில் நடந்து வந்து எங்கள் வாசலில் நிற்பார். "ஒரு குண்டூசி குடுமா." குண்டூசி இல்லாவிட்டால் நூல். நூல் இல்லாவிட்டால் ஒரு வெள்ளைத்தாள். வாங்கிக்கொண்டு எங்கள் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பெயிண்டர் செக்‌ஷனுக்குப் போவார். அங்கேயும் குண்டூசி. அங்கிருந்து குக் ஹவுஸ். சமையல்கட்டில் குண்டூசிக்கு என்ன வேலை? அவர் கேட்பார். அவர்களும் கொடுப்பார்கள்.

வருகிற நேரத்துக்கும் ஓர் ஒழுங்கு கிடையாது. ஒரு நாள் காலையில் வந்த உடனே, மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், இன்னொரு நாள் வண்டி கிளம்புகிற நேரத்தில். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அரசாங்கக் குண்டூசி என்றாலும் கணக்குக் காட்டுவது நானல்லவா? ஒரு கட்டத்தில் குண்டூசி டப்பாவை மேஜை டிராயருக்குள் போட்டுப் பூட்டி வைத்தேன். "தீர்ந்துடுச்சுக்கா" என்றேன். "அப்ப தீர்ந்துபோன டப்பாவைக் குடு" என்றார். எழுந்து போய்ப் பூட்டைத் திறந்தேன்.

இந்த அம்மாவுக்கு வேலையே கிடையாதா என்று என் செக்‌ஷன் சூப்பர்வைசரிடம் புலம்பினேன். அவர் கோலாரிலிருந்து வந்து தங்கிவிட்டவர், அதிகம் பேச மாட்டார். "இருக்கட்டும்மா. வந்துட்டுப் போகட்டும்" என்றார். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது மழைக்காலத்தில்தான் புரிந்தது.

எங்களிடம் பேக்கிங் வேலை பார்க்கிற ஒருவர், சிரித்த முகக்காரர், பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். அக்கா வந்தார். வழக்கம்போல "ஒரு குண்டூசி குடுமா" என்றார். கொடுத்தேன். அதை முந்தானையில் குத்திக்கொண்டு அந்த ஆளிடம் போனார். "சுத்தியலைக் கீழ வை" என்றார். அவர் வைத்தார். "உன் தம்பி போன் பண்ணிருக்கான். வீட்ல அப்பா தவறிட்டாராம். காலைல. வெளிய தண்ணி வண்டி நிக்குது, டவுனுக்குத்தான் போகுது, டிரைவர்கிட்ட சொல்லிட்டேன். லீவு உங்க சாரு பாத்துக்குவாரு. வா." அந்த ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார். மழையில் உண்மையாகவே ஒரு தண்ணீர் டேங்கர் இன்ஜினை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தது. அவரை ஏற்றிவிட்டு, ஒரு தண்ணீர் பாட்டிலை அவர் மடியில் வைத்துவிட்டு, அக்கா நனைந்துகொண்டே எக்ஸ்சேஞ்சுக்குத் திரும்பிப் போனார். இத்தனையும் நான் டப்பாவை மூடுவதற்குள் நடந்த மாதிரி இருந்தது.

சூப்பர்வைசர் அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். முன்னெல்லாம் அக்கா கெட்ட சேதி இருந்தால் மட்டும்தான் எக்ஸ்சேஞ்சை விட்டு வெளியே வருவாராம். அதனால் அவர் தலை தெரிந்தாலே ஒவ்வொரு செக்‌ஷனிலும் வேலை நின்றுவிடுமாம். யாருக்கோ, யாருக்கோ என்று எல்லார் முகமும் வெளுத்துவிடும். ஒரு தடவை அவர் ரோட்டில் வருவதைப் பார்த்து ஒரு பெண் பின்வாசல் வழியாக ஓடிப்போய்க் கழிவறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாளாம். அக்கா அன்றைக்கு வந்தது வேறு யாருக்கோ. "அதுக்கப்புறம்தான் இப்படி டெய்லி வர ஆரம்பிச்சாங்க. எல்லா நேரமும் வந்தா எந்த நேரத்துக்கும் பயப்பட வேணாமே" என்றார் சூப்பர்வைசர்.

நான் டிராயரைப் பூட்டுவதை விட்டுவிட்டேன். அதற்காக அவர்மேல் எனக்கு உடனே பக்தி வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அவர் தொல்லை தொல்லைதான். நல்ல சேதியை அவரால் அரை நிமிடம் அடக்கி வைக்க முடியாது. கெட்டதை அவ்வளவு பக்குவமாகக் கொண்டுவருகிறவர், நல்லதை ஊர் முழுக்கக் கொட்டிவிட்டு, சம்பந்தப்பட்டவருக்குக் கடைசியில் சொல்வார். எனக்கு மாப்பிள்ளை வீட்டில் சம்மதம் சொன்ன சேதி அப்படித்தான் வந்தது. மத்தியானம் கேன்டீனில் டீ ஊற்றுகிறவர் என் தட்டில் கேட்காமலே ஒரு ஜிலேபியை வைத்து இந்தியில் வாழ்த்துச் சொன்னார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பெயிண்டர்கள் சிரித்தார்கள். ராத்திரிக் காவலுக்கு வந்த ஜவான்கூட "மாப்பிள்ளை ஓசூராமே" என்றான். எங்கள் அப்பா காலையில் எக்ஸ்சேஞ்சுக்குப் போன் செய்து, ஆபரேட்டர் அம்மாவிடம் மகிழ்ச்சியில் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டாராம். சாயங்காலம் பஸ்ஸில் சண்டை போட்டேன். "எனக்குத் தெரிஞ்சு வாய்க்குள்ள வெச்சுக்கினு இருந்தா வயிறு உப்பிக்கும்மா" என்றார். பிறகு தூங்கிவிட்டார், என் தோளில்தான்.

ஆனால் அவரைப் பற்றி ஒரு விஷயம் எனக்குக் கடைசி வரை உறுத்திக்கொண்டே இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவர் கெட்ட சேதியை வண்டி ஏற்பாடு செய்யாமல் சொல்ல மாட்டார். அதுதான் அவருடைய சட்டம். முகாமுக்கு வெளியே பஸ் ஸ்டாப் கிடையாது, ஆட்டோ கிடையாது, எங்கள் பஸ் சாயங்காலம்தான் கிளம்பும். அதனால் சேதி வந்ததும் போர்டில் உட்கார்ந்தபடியே ஒவ்வோர் இடமாகக் கூப்பிடுவார். ரேஷன் வண்டி போகிறதா, தண்ணி வண்டி போகிறதா, ஏதாவது அதிகாரி டவுனுக்குப் போகிறாரா. கிடைத்த பிறகுதான் எழுந்து நடப்பார். அதுவரைக்கும் அந்தச் சேதி அவரிடம் இருக்கும். அந்த நேரத்தில் சம்பந்தப்பட்டவர் கேன்டீனில் யாரையாவது கிண்டல் செய்து சிரித்துக்கொண்டிருப்பார்.

பெயிண்டர் செக்‌ஷனில் ஒருவருக்கு அப்படித்தான் ஆயிற்று. அவருடைய அம்மாவை நெஞ்சு வலி என்று அல்சூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். போன் வந்தபோது அந்த அம்மாவுக்கு நினைவு இருந்தது. அன்றைக்கு ஒரு வண்டியும் கிடைக்கவில்லை. அக்கா கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஜீப்பைப் பிடித்து, போய்ச் சொல்லி, அவரை ஏற்றி அனுப்பினார். அவர் ஆஸ்பத்திரி வாசலில் கால் வைத்தபோது முடிந்துவிட்டிருந்தது.

காரியமெல்லாம் முடிந்து திரும்பி வந்தவர் நேராக எக்ஸ்சேஞ்ச் வாசலுக்குப் போனார். சத்தம் போடவில்லை. "வண்டி இல்லாம நான் போயிருக்க முடியாது. அது எனக்குத் தெரியும். ஆனா லைன் உங்க கைலதான இருந்துச்சு? குடுத்திருந்தா அம்மாகிட்ட ரெண்டு வார்த்தை பேசியிருப்பேனே" என்று கேட்டாராம்.

அதற்குப் பிறகு அந்தப் பெயிண்டர் அவரோடு பேசவே இல்லை. பஸ்ஸில் எங்களுக்குப் பின்சீட்டில்தான் உட்காருவார். நாங்கள் பேசுவதெல்லாம் அவருக்குக் கேட்கும். அக்கா அவர் செக்‌ஷனுக்கும் தவறாமல் போய் குண்டூசி கேட்பார். பெயிண்டர் அக்கா முகத்தைப் பார்க்காமல் எடுத்து நீட்டுவார்.

ஒரு நாள் பெயிண்டர் லீவாக இருந்தபோது பஸ்ஸில் அக்காவிடம் இதைப் பற்றிக் கேட்டேன். கேட்டேன் என்பதைவிடச் சண்டைக்குப் போனேன் என்பதுதான் சரி.

"யார் வீட்டுச் சேதியோ, அதை நீங்க எப்படிக்கா பிடிச்சு வெச்சுக்கலாம்? அவங்கவங்களுக்கு உடனே தெரியணும்ல?"

"அவன் கேட்டது நியாயம். எனக்கு அது தோணவே இல்ல" என்றார். "இப்பல்லாம் கேட்டுடறேன். பேசற மாதிரி இருக்காங்களான்னு. இருக்காங்கன்னா உடனே லைன் குடுத்துடறேன், வண்டி கிண்டி எல்லாம் அப்புறம்."

"பேசற மாதிரி இல்லன்னா?"

"வண்டி வந்தாத்தான் சொல்லுவேன்."

"ஏன்?"

அக்கா ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். சாலை ஒரு வாய்க்காலைத் தாண்டுகிற இடம், சின்னதாக ஒரு மோரிப் பாலம். "நான் சேந்த புதுசுல ஒரு பையன் இருந்தான். கல்யாணமாகி வருஷம்கூட ஆகல. பொண்டாட்டி பிரசவத்துல போயிட்டான்னு போன் வந்துச்சு. எனக்கு இன்னா தெரியும்? அப்படியே அவன் செக்‌ஷனுக்கு லைன் போட்டுச் சொல்லிட்டேன். ரிசீவரைப் போட்டுட்டு ஓடினான். கேட்டைத் தாண்டி இந்த ரோட்ல ஓடினான். அப்ப இந்த ரோட்ல ஒண்ணும் வராது, ஆடு மாடுதான். சாய்ந்தரம் நாங்க பஸ்ல வரோம், இந்த மோரி மேல உக்காந்துக்கினு இருக்கான். செருப்பு ஒண்ணு காணோம். முன்னாடியும் போகல, திரும்பியும் வரல. பகல் பூரா அங்கயே உக்காந்துக்கினு இருந்திருக்கான். நாங்கதான் ஏத்திக்கினு போனோம். எங்க கூடவே, எங்க டைம்முக்கே போய்ச் சேந்தான். சீக்கிரம் சொல்லி நான் இன்னாத்தைக் கிழிச்சேன்?"

ஆனாலும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பையனுக்கு அன்றைக்கே தெரிந்தது, தெரிந்துகொண்டு மோரியில் உட்கார்ந்திருந்தான், அது அவனுடைய துக்கம், அதைத் தள்ளிப்போட இவர் யார் என்று எனக்குள் ஒரு வாதம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு விஷயத்தில் மட்டும் அவர்மேல் எனக்கு மரியாதை. அவர் பொய் சொல்ல மாட்டார். செத்துப்போனவரை "கொஞ்சம் சீரியஸா இருக்காங்க, கிளம்பி வா" என்று சொல்கிற பழக்கம் நம் ஊரில் எல்லாருக்கும் உண்டு. அக்காவுக்குக் கிடையாது. "வழி பூரா சாமிக்கு வேண்டிக்கினே போவாங்கம்மா. அங்க போய்ப் பார்த்தா சாமியும் இல்ல, ஆளும் இல்ல. அது பெரிய துரோகம்" என்பார்.

சூழல் கொஞ்சம் லேசாகட்டும் என்று, "சரி, உங்க வீட்ல ஏதாவதுன்னா உங்களுக்கு யாருக்கா வந்து சொல்லுவாங்க?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"யாரு சொல்றது? நான்தானே எடுக்கணும். நானே எடுத்து, நானே எனக்கு லைன் போட்டுக்கணும்" என்று சிரித்தார். பிறகு அன்றைக்கு மர்பி டவுன் வரும் வரை அவர் தூங்கவில்லை. கேட்டிருக்க வேண்டாம் என்று எனக்கே பட்டது.

அவர் வீட்டுக்காரர் ஒரு தொழிற்சாலையில் இருந்து ரிட்டயர் ஆகி வீட்டில் இருந்தார். நுரையீரலில் ஏதோ கோளாறு, படி ஏறினால் மூச்சு வாங்கும். தினமும் மத்தியானம் எக்ஸ்சேஞ்சுக்குப் போன் செய்து ஊறுகாய் எங்கே இருக்கிறது என்று கேட்பாராம். "நேத்து இருந்த இடத்துலதான் இருக்குது, அதுக்குக் காலா முளைச்சிருக்கு? இது அரசாங்க லைனு, வை கீழே" என்று அக்கா திட்டுவாராம். இதை அவரே பெருமையாகச் சொல்வார். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டுக்குப் போவேன். அவர் வீட்டுக்காரர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, அக்கா பேசுவதையே பார்த்துக்கொண்டிருப்பார். "ஊறுகாய் எங்கிருக்குன்னு எனக்குத் தெரியாதாம்மா?" என்று ஒரு நாள் என்னிடம் மெதுவாகச் சொல்லிக் கண்ணைச் சிமிட்டினார். ஒரே மகள், காலேஜ் முடித்துவிட்டு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். என் நம்பர் அவளிடம் இருந்தது.

அந்த வாரம் சிக்னல் ஜவான் லீவில் ஊருக்குப் போயிருந்தான். போர்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் அக்கா குண்டூசி கேட்டு வரவில்லை. பஸ்ஸில் பார்த்ததோடு சரி. எனக்கு ஒரு நாள் மத்தியானம் டவுனில் பேங்கில் கொஞ்சம் வேலை இருந்தது. அரை நாள் லீவு போட்டுவிட்டு ரேஷன் வண்டியில் இடம் கேட்டு வைத்திருந்தேன். வாசலில் டோக்கனைக் கொடுத்துப் போனை வாங்கி உயிர்ப்பித்தேன். வரிசையாக அக்கா மகளின் அழைப்புகள்.

திருப்பி அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அக்கா, அப்பா போயிட்டாருக்கா." நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். "இன்னிக்கு நான் வீட்ல இருந்துதான் வேலை பண்ணினேன். சாப்புட வாங்கன்னு கூப்புடப் போனேன், நாற்காலியிலயே... டாக்டரும் வந்து பார்த்துட்டாரு. அம்மாவுக்கு ரெண்டு வாட்டி போன் பண்ணேன்க்கா. அம்மாதான் எடுத்தாங்க. நமஸ்தே எக்ஸ்சேஞ்ச்னு சொல்றாங்க. அந்தக் குரலைக் கேட்டதும் என்னால சொல்ல முடியல. கட் பண்ணிட்டேன். நீங்க சொல்லிடுங்கக்கா."

பக்கத்திலேயே காவல் அறையில் ஒரு டெலிபோன் இருந்தது. எடுத்தால் நேராக அக்காவிடம்தான் போகும். கையை அதன்மேல் வைத்தேன். என்ன நியாயம் பேசியிருந்தேன் பஸ்ஸில்! அவங்கவங்களுக்கு உடனே தெரியணும். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தால் "நமஸ்தே எக்ஸ்சேஞ்ச்" என்பார். அதற்குப் பிறகு நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டால், அந்த அறையில் அவர் ஹெட்செட்டோடு தனியாக இருப்பார். போர்டை விட்டு எழுந்திருக்கக்கூட முடியாது. கையை எடுத்துவிட்டேன்.

ரேஷன் வண்டியை ஓட்டுகிறவர் ஒரு பஞ்சாபி ஹவில்தார். கிளம்பலாமா என்று ஹாரன் அடித்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் விஷயத்தைச் சொன்னேன். "எக்ஸ்சேஞ்ச் தீதியா?" என்று கேட்டார். இன்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி வந்தார். தன் தகப்பனார் இறந்த சேதியை அந்த தீதிதான் வந்து சொன்னார் என்றார். எவ்வளவு நேரமானாலும் நிற்கிறேன், அழைத்து வா என்றார்.

போனை மறுபடி கொடுத்துவிட்டு, டோக்கன் வாங்கிக்கொண்டு, உள்ளே நடந்தேன். நல்ல வெயில். அக்கா இந்த ரோட்டில்தான் எத்தனையோ பேர் வீட்டுச் சேதியைச் சுமந்துகொண்டு நடந்திருக்கிறார். எதிரே வந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். பெயிண்டர் செக்‌ஷனைத் தாண்டும்போது அந்தப் பெயிண்டர் வாசலில் நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். லீவு போட்டுவிட்டுப் போனவள் ஏன் திரும்பி வருகிறாள் என்று பார்த்தார். நான் போகிற திசையைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் எனக்குப் பின்னால் நடந்து வந்தார்.

எக்ஸ்சேஞ்ச் வாசலில்தான் எனக்கு அது உறைத்தது. இங்கே யாரும் வருவதே இல்லை. அனுமதி இல்லாதவர்கள் உள்ளே வரக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். இத்தனை வருஷமாக அக்காதான் எல்லாரையும் தேடிப் போனார், அந்தப் பெயிண்டர் ஒரு தடவை வந்ததைத் தவிர அவரைத் தேடி யாரும் போனதில்லை. நான் வந்து நிற்பதே சேதிதான். பெயிண்டர் மரத்தடியில் நின்றுகொண்டார். நான் கதவைத் தட்டினேன்.

அக்கா ஹெட்செட்டோடு வந்து மேல்பாதிக் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்தார். எனக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"ஒரு குண்டூசி இருக்குமாக்கா?"

அவர் உள்ளே போய் டிராயரை இழுத்தார். ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பா நிறையக் குண்டூசி. எங்கள் எல்லாரிடமும் வாங்கியது. ஒன்றை எடுத்து வந்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"ரெண்டு வாட்டி கால் வந்துச்சு" என்றார். "எடுத்தா பேசல. மூச்சு மட்டும் கேட்டுச்சு. என் பொண்ணு மூச்சு எனக்குத் தெரியாதா? மத்தியானம் ஊறுகாய்க்கும் போன் வரல."

"நீங்களே திருப்பிப் போட்டுக் கேட்டிருக்கலாமேக்கா."

"கேட்டா தெரிஞ்சிடுமே. தெரிஞ்சிட்டா, வண்டி இல்லாம இங்க எப்படி உக்காந்துக்கினு இருக்கறது?"

போர்டில் ஒரு விளக்கு எரிந்தது. போய் உட்கார்ந்து, "நமஸ்தே எக்ஸ்சேஞ்ச்" என்று சொல்லி, யாருக்கோ யாரையோ இணைத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு சிக்னல் ஆபீஸைக் கூப்பிட்டு, போர்டுக்கு உடனே ஓர் ஆளை அனுப்பச் சொல்லி இந்தியில் சொன்னார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. ஹெட்செட்டைக் கழற்றி, வயரைச் சுருட்டி அதன் இடத்தில் வைத்தார். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு மறுபடி கதவருகில் வந்தார். மரத்தடியில் நின்றிருந்த பெயிண்டரைப் பார்த்தார். அவரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் பார்த்தார்.

"வண்டி?" என்று என்னிடம் கேட்டார்.

"கேட்ல நிக்குதுக்கா. ரேஷன் வண்டி."

"எவ்ளோ நேரம் நிப்பான்?"

"நீங்க வர்ற வரைக்கும் நிப்பாராம்."

அக்கா தலையை ஆட்டினார். என் கையைப் பிடித்துக்கொண்டார். எப்போதும் அவர்தான் பிடிப்பார், அன்றைக்கும் அவர்தான் பிடித்தார்.

"சரி, இப்ப சொல்லு" என்றார்.

சொன்னேன்.